மாய உலகின் வாயில்



முகத்தில் ஒரு கருவியை அணிந்துகொண்டு, இருந்த இடத்தில் இருந்தவாறே வேறோர் உலகில் உலாவக்கூடிய காலம் வந்துவிட்டது. அதனை மெய்நிகர் உலகம் என்கிறோம். கருவி பிறப்பதற்கு முன்னரே கதாசிரியர்கள் அவ்வுலகைப் படைத்துவிட்டார்கள். அவர்கள் காட்டியது இன்பவுலகமா, துன்பவுலகமா என்பதே இன்று நாம் சிந்திக்கப்போகும் பொருள்.

இதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் புத்தளக் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். விசயன் வந்திறங்கியதாக மகாவமிசம் கூறும் தம்பபண்ணியை, புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலைக் கரையோடு சேர்த்துச் சொல்வோர் உளர். அங்கே குவேனி என்னும் இயக்கி பதினாறு வயது நங்கையாக உருமாறுகிறாள். மரத்தடியில், திரைச்சீலையும் விதானமும் சூழ்ந்த மஞ்சம் ஒன்றை மாயத்தால் தோற்றுவிக்கிறாள். ஆயினும், அவள் வாழ்வு கெட்டது அந்த மாயத்தினால் அன்று. தனக்குத் துணைநின்ற அவளை, பாண்டியன் மகளை மணக்கும் பொருட்டு விசயன் பின்னர் விலக்கிவிட்டான். அந்த வஞ்சனை மெய்யுலகிலேதான் நிகழ்ந்தது. ஆகவே, பொய்த்தோற்றம் என்ற ஒரே காரணத்தால் ஓர் உலகைத் தீயதென்று தள்ளிவிடலாகாது.

ஞானவாசிட்டம் கூறும் இலவண மன்னன் கதையும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. இந்திரசாலக்காரன் ஒருவன் மயிற்பீலியைச் சுழற்றுகிறான். அரியணையில் அமர்ந்தபடியே அரசன் வேறோரிடத்தில் ஏழையாகப் பல்லாண்டு வாழ்ந்து, பஞ்சத்தையும் அனுபவித்துவிடுகிறான். விழித்துப் பார்த்தால் சிறிது நேரமே கழிந்திருக்கிறது. அங்கே மாயம் அவனுக்கு ஆசானாயிற்று. காரணம், அவனால் மீண்டுவர முடிந்தது.

மீளும் வழி அடைபட்டால் என்ன நேரும்? இதற்கு விடை தந்தவர்களுள் ஒருவர், 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்து 2008இல் மறைந்த ஆதர் சி. கிளார்க். அதே 1956இல் வெளிவந்த அவருடைய ‘நகரமும் விண்மீன்களும்’ என்னும் நாவலில், மூடுண்ட நகரமொன்றின் மக்கள் செயற்கைச் சாகசங்களில் திளைக்கின்றார்கள். அவர்களுக்கு நோயில்லை, வறுமையில்லை. ஆனால் நகருக்கு வெளியே காலடி வைக்க அஞ்சுகின்றார்கள். வெளியேற விரும்பும் இளைஞன் ஒருவனே அவர்களுக்கு விசித்திரமானவனாகத் தோன்றுகிறான்.

1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய ‘சுனோ கிராஷ்’ நாவலின் நாயகன் மாய உலகில் பெரும் புகழ் பெற்றவன். மெய்யுலகிலோ பொருள்களைப் போட்டுவைக்கும் சாமான் அறை ஒன்றில் குடியிருப்பவன். ‘மெட்டாவேர்ஸ்’ என்னும் சொல்லை வழங்கியது அந்நூலே. அச்சொல்லைத் தழுவி, பேஸ்புக் நிறுவனம் 2021இல் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட கதை வணிகப் பெயராயிற்று!

இக்கதைகளை ஒப்புநோக்கினால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. உள்ளே சென்றவர் தாம் விரும்பியபோது வெளியே வரலாமா? அவர் உள்ளே இருக்கையில் வெளியுலகைக் காப்பவர் யார்?

இவை நம் கரைக்கும் உரிய கேள்விகள். கற்பிட்டிக்கு அப்பால் ‘பார் ரீஃப்’ எனப்படும் பவளப்பாறைத் தொடர் இருக்கிறது. 1992இல் அது கடல்வாழ் உயிர்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் நீர் அளவு மீறி வெப்பமுற்றபோது, அங்குள்ள பவளங்கள் வெளுத்துப் பெரும்பகுதி மடிந்தன. நாளை அப்பவளத் தோட்டத்தை முழு வண்ணத்தோடு ஒரு கருவிக்குள் காட்டலாம். நீந்த அறியாத சிறுவர்க்கும், முதுமையில் கிளார்க் அவர்களைப் போலச் சக்கர நாற்காலியை நாட வேண்டியவர்க்கும் அது ஒரு வரப்பிரசாதமே. அதைப் பார்த்த சிறுவன் கடலைக் காக்க முற்பட்டானாகில், அம்மாய உலகம் நல்லுலகம். கருவிக்குள் பவளம் என்றும் வாடாமல் இருக்கிறதே என்று அமைதியுற்று, மெய்யான பாறை வெளுப்பதை நாம் மறந்துவிட்டால், அதுவே தீயுலகம். பாறை அழிந்தால் அங்கே மீன் தங்காது. கருவிக்குள் நீந்தும் மீனைக் கொண்டு எந்த மீனவக் குடும்பமும் உலை வைக்க இயலாது.

ஆதலின், மெய்நிகர் உலகம் நன்றோ தீதோ என்னும் தீர்ப்பை, அதிலிருந்து வெளியே வந்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கொண்டே வழங்க வேண்டும். இக்கதைகளைப் படிக்கும் நேயர்கள் இதனை மனத்திற்கொள்வார்களாக.