கடவுச்சொற்கள் இடம் மாறும்போது



வீடு மாறுகிறவர்கள் கட்டில், அலமாரியை லாரியில் ஏற்றுவார்கள். நகைப் பெட்டி மட்டும் அம்மாவின் மடியில் இருக்கும். கணினியை மாற்றும்போது பலருக்கு இந்த எச்சரிக்கை இருப்பதில்லை.

வங்கி, மின்னஞ்சல், வருமான வரி என ஒரு குடும்பத்தின் கடவுச்சொற்கள் பெரும்பாலும் இணைய உலாவியிலேயே சேமிக்கப்படுகின்றன. அவற்றை வேறோர் உலாவிக்கோ கடவுச்சொல் காப்புச் செயலிக்கோ கொண்டுசெல்ல 'ஏற்றுமதி' வசதி உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் இதை 2020இல் தனது 79ஆம் பதிப்பில் தந்தது. குரோமில் கடவுச்சொல் நிர்வாகியின் அமைப்புப் பகுதியில் இது இருக்கிறது.

ஏற்றுமதி செய்தால் கிடைப்பது சிஎஸ்வி என்ற ஒரு கோப்பு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இணைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் அதில் ஒரே வரியில், யாரும் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கும். அதற்குப் பூட்டு கிடையாது.

வேலை முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து அந்தக் கணினி அக்காள் மகனுக்கோ பழைய பொருள் கடைக்கோ போகிறது. கோப்பும் கூடவே போகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஏற்றுமதி தேவைதானா என்பது. புதிய கணினியிலும் அதே உலாவிதான் என்றால், கடவுச்சொற்கள் கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், அதே கணக்கில் நுழைந்தாலே போதும், கோப்பே வேண்டாம்.

தேவை என்றால், சொந்தக் கணினியில் மட்டுமே செய்ய வேண்டும்; அலுவலகக் கணினி கூடாது. புதிய செயலியைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே ஏற்றுமதியைத் தொடங்க வேண்டும். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்போடு இணைந்த கோப்புறையில் வைத்தால், இன்னொரு நகல் அங்கும் போய்விடும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பவே கூடாது. எக்செலில் திறந்து சேமிப்பதும் தவறு. எண்களால் மட்டுமே ஆன கடவுச்சொல்லின் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகலாம்.

புதிய செயலியில் இறக்கியபின், சில கணக்குகளில் நுழைந்து சரிபார்க்க வேண்டும். கடவுவிசைகள் அந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். பிறகு கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். கணினியைக் கைமாற்றும் முன் அதை முழுமையாக அழித்து மீட்டமைப்பது அவசியம். கோப்பு பிறர் கண்ணில் பட்டிருக்குமோ என்ற ஐயம் வந்தால், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிட வேண்டும்.

கோப்பே இல்லாமல், செயலியிலிருந்து செயலிக்கு மறையாக்கத்துடன் மாற்றும் நெறிமுறையின் வரைவை ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது. இரு செயலிகளிலும் அந்த வசதி இருந்தால், அதுவே நல்ல வழி.

ஏற்றுமதி சில நிமிட வேலை. கோப்பை அழித்த பிறகே அந்த வேலை முடிகிறது.