தாளும் பிளாஸ்டிக்கும்

நெல்லையும் பதரையும் பிரிக்க நம் வீடுகளில் முறம் இருக்கிறது. கனமானது தங்கும், இலேசானது பறக்கும். நகரத்துக் குப்பையில் கலந்து கிடக்கும் தாளையும் பிளாஸ்டிக் பையையும் இவ்வாறு புடைத்துப் பிரிக்க இயலுமா? இரண்டும் மெல்லியவை, இரண்டும் காற்றில் பறப்பவை. முறம் இங்கே தோற்றுப்போகிறது.

நீர் தோற்பதில்லை. செய்தித்தாள் துண்டு ஒன்றையும் பிளாஸ்டிக் பைத் துண்டு ஒன்றையும் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காலையில் மத்தினால் கடைந்து பாருங்கள். தாள் கூழாகும், பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். மரம், மூங்கில், கரும்புச் சக்கை முதலியவற்றின் நார்கள் ஒன்றையொன்று பற்றி உலர்ந்த பரப்பே தாள். அந்தப் பிடிப்பை நீர் தளர்த்திவிடுகிறது. பாலிஎதிலீனோ நீரை உள்ளே விடுவதேயில்லை. ஆலைகளில் பழைய தாளைப் பெருந்தொட்டியில் இட்டுக் கலக்கிச் சல்லடையில் வடிப்பதும் இந்த முறையில்தான்.

இவ்விரண்டையும் ஒட்டிவைத்தால் என்னாகும்? தேநீர்க் கடையின் தாள் குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறத்தில் பாலிஎதிலீன் பூச்சு உண்டு. தாள் என்று கூழாக்கினால் பூச்சு கிழிந்து சல்லடையை அடைக்கிறது. பிளாஸ்டிக் என்று உருக்கினால் நார் கருகுகிறது. இருவகைக்கும் ஆகாத பொருள் அது! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் இத்தகைய குவளையும் ஒன்று.

பெரிய நிலையங்களில் அகச்சிவப்பு ஒளியைக் குப்பையின்மேல் பாய்ச்சுகிறார்கள். தாளும் பிளாஸ்டிக்கும் அவ்வொளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புவதால் கருவி இனம் கண்டுகொள்கிறது. உடனே காற்றுப் பீச்சு ஒன்று வேண்டியதைத் தனியே தள்ளுகிறது. வியப்பான ஏற்பாடுதான். எனினும் கரித்தூள் சேர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் அவ்வொளியை விழுங்கிவிடுவதால், கருவிக்கு அது புலப்படுவதில்லை.

நம் நகரங்களில் குப்பை பொறுக்கிப் பிழைப்போரின் விரல்களே அக்கருவி. கசக்கிய தாள் கசங்கியபடியே இருக்கும். பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் மெல்ல விரிந்துகொள்ளும். தொட்டவுடன் அவர்கள் அறிவார்கள். வீட்டிலேயே ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்துத் தரவேண்டும் என்று 2016-இல் இந்திய அரசு விதி வகுத்தது. அப்படிப் பிரிக்காத வீட்டுக் குப்பையில் சாம்பாரும் எண்ணெயும் தாளில் ஊறிவிடுகின்றன. எவ்வளவு தேர்ந்த விரலும் அதை மீட்க முடியாது. பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தராசில் ஏற்றுவதுமில்லை. அன்றைய கூலியில் அத்தனை எடையும் குறைகிறது.