கொட்டிலில் ஓய்ந்த கை

'ஹர்த்தால்' என்ற சொல் யாழ்ப்பாணத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். குஜராத்தியிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் கடையைப் பூட்டுதல் என்பதே வேர்ப்பொருள். 1919 இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் காந்தியடிகள் கையாண்ட பின்னர் அது அரசியற் சொல்லாகப் பரவியது. 'வேலைநிறுத்தம்' என்பதோ நமது சொல். முன்னதற்குப் பூட்டுவதற்கு ஒரு கடை வேண்டும். பின்னதற்கு இரண்டு கைகள் போதும். பத்திரிகைகள் இவ்விரண்டையும் பிரித்து எழுதுவதில்லை. பெரும்பாலும் அது தவறு. ஆனால் 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி இரண்டும் உண்மையாகவே ஒன்றாயின.

அந்த ஆண்டு கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அறைகூவின. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. தெற்கிலே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலகினார். விலையை உயர்த்திய அந்த அமைச்சரவையில் யாழ்ப்பாணத் தொகுதியின் உறுப்பினர் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் கைத்தொழில் அமைச்சராக இருந்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

என் அம்மப்பா அக்காலத்தில் சுருட்டுக் கொட்டில் ஒன்றில் வேலை செய்தவர். கொட்டிலில் நாட்சம்பளம் இல்லை. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. மற்றவர்கள் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையோ புராணமோ உரத்து வாசிப்பார். அம்மப்பாவுக்குப் பள்ளிக்கூடம் அதுதான். அரிசி விலையையும் அவர் அங்கேதான் முதலிற் கேட்டாராம். சங்கக்கடையிற் கேட்டது பிறகு.

தொழிற்சங்கப் புத்தகங்கள் 'மெதுவாக வேலை செய்தல்' என்றொரு போராட்ட முறையைச் சொல்லும். மாதச் சம்பளக்காரருக்கு அது நல்ல ஆயுதம். கை மெதுவானால் நட்டம் முதலாளிக்கு. எண்ணிக்கைக் கூலிக்காரன் கை மெதுவானால் நட்டம் அவனுக்கே. மலையகத்தில் 'அரைப்பேர்' என்றொரு சொல் உண்டு. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அன்று பாதிச் சம்பளம்தான். ஒரு மனிதரின் பேரையே பாதியாக வெட்டும் இந்தச் சொல்லை எந்தப் புலவரும் ஆக்கவில்லை, செக்றோல் ஆக்கியது.

இந்நிலையில் அம்மப்பா ஹர்த்தாலன்று ஏன் சுருட்டவில்லை? கொட்டில் முதலாளியோடு அவருக்கு வழக்கில்லை. வழக்கு அரிசி விலையோடு. 70 சதம் கொடுத்து எல்லா நாளும் அரைவயிறு கிடப்பதிலும் ஒருநாள் முழுவயிறும் காய்ந்தாலென்ன என்பதே தங்கள் கணக்கு என்று பிற்காலத்தில் சொன்னார். அன்று மாலை வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்ததாக அம்மம்மா சொல்லுவார். அதையும் பக்கத்து வளவிற் கடன் வாங்கித்தானாம்.

ஹர்த்தாலுக்கு அடுத்த ஆண்டு, 1954 இல், இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. வேலைநிறுத்தக் கதைகள் பின்னர் நிறைய வந்தன. அவற்றுட் பலவற்றில் ஊர்வலம் போகிறது, கொடி பறக்கிறது. அந்த மரவள்ளிக்கிழங்கை நான் தேடுகிறேன். அது அருமையாகவே அகப்படுகிறது.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 24 ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலை 12 முதல் நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். ஒக்டோபர் 25 ஆம் திகதிதான் பாடசாலைக்குத் திரும்பினோம். கோரிக்கையில் ஒரு பகுதி 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அது நியாயமான போராட்டம். இன்று கேட்டாலும் அப்படியே சொல்வேன்.

2023 ஏப்ரலில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலத்துக்கு எதிராக வடக்குக் கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. அதற்குச் சில நாட்களின் பின் வகுப்பில் இந்த 1953 கதையைச் சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தகப்பன் மேசன் வேலை.

"சேர், நீங்கள் ஸ்ரைக் செய்த மாதங்களுக்குச் சம்பளம் வந்ததோ?"

"ஓம், வந்தது."

"அப்பாவுக்கு ஒருநாள் ஹர்த்தால் எண்டாலும் இல்லை, சேர்."

அவன் குரலிற் குற்றச்சாட்டு இல்லை. கொட்டிலில் இருந்தவர்கள் போட்ட அதே கணக்கைத்தான் அவனும் போட்டுப் பார்த்தான். "இரும் தம்பி" என்றேன். அவன் உடனே இருக்கவில்லை.