சுவர் ஆறட்டும்



சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் பழமொழி. சுவர் இருந்தால் மட்டும் போதாது. சித்திரத்தை ஏற்கும் நிலையிலும் அது இருத்தல் வேண்டும். இதனை நாம் திருப்பதியில், சற்றே விலை கொடுத்துக் கற்றோம்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையைத் திருப்பதி, சித்தூர் வட்டாரத் தமிழர் எளிதில் மறவார். சுவர்ணமுகி பெருக்கெடுத்தது, திருப்பதித் தெருக்கள் ஓடைகளாயின. நாம் குடியிருந்த வீட்டின் கூடத்திலும் முழங்காலளவு நீர் நின்றது. நீர் வடிந்தபின் அது நின்ற மட்டம் சுவரில் ஒரு கோடாக எஞ்சியது. தை மாதத்தில் மருமகளுக்கு வளைகாப்பு. உறவினர் வருமுன் அக்கோட்டை மறைத்துவிட வேண்டுமென்பதே நம் கவலை.

வண்ணம் பூச வந்த மேஸ்திரி தெலுங்கர், முதியவர். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அய்யா, கோட இங்கா ஆரலேது" என்றார். சுவர் இன்னும் உலரவில்லை என்பது பொருள். நம் செவிக்கோ 'ஆறவில்லை' என்றே கேட்டது. புண்ணைக் குறித்து நாம் சொல்லும் சொல் அது. இங்கும் பொருத்தமாகவே இருந்தது. ஆயினும் நாம் அவர் பேச்சைக் கேட்டோமில்லை. வற்புறுத்திப் பூசச் செய்தோம். வளைகாப்பன்று கூடம் பளபளத்தது. பங்குனி பிறக்குமுன் சுவர் கொப்பளித்து, வெண்பொடி உதிரலாயிற்று.

அது ஏன் நிகழ்ந்தது? செங்கல்லிலும் காரையிலும் உப்புகள் உள்ளன. உள்ளே தங்கிய நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு வெளிமுகம் நோக்கி வருகின்றது. நீர் ஆவியாகிப் போக, உப்பு படிகமாகித் தங்குகின்றது. இதனையே உப்புப் பூத்தல் என்கிறோம். வண்ணப்பூச்சு வழியை அடைத்து நின்றால், நீரும் உப்பும் சேர்ந்து அப்பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடும்.

'தஞ்சைப் பெரிய கோயிலில் ஈரச் சுண்ணாம்பின்மீதே சோழர் காலத்தில் ஓவியம் எழுதினார்கள் அல்லவா?' என்று அன்பர் சிலர் வினவலாம். உண்மைதான். அங்கே சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிணைத்துக்கொண்டது. அதன்மேல் நாயக்கர் காலத்தில் எழுதப்பட்ட ஓவியம் சிற்சில இடங்களில் பெயர்ந்தபோது, அடியிலிருந்த சோழர் ஓவியம் 1931இல் வெளிப்பட்டது. நம் காலத்து எமல்ஷன் அவ்வாறு சுவருள் ஒன்றுவதன்று. மேலே படியும் மெல்லிய தோல். தோல் ஒட்ட வேண்டுமாயின் அடிச்சுவர் உலர்ந்தும் உறுதியாயும் தூசியற்றும் இருத்தல் வேண்டும்.

சுவர் உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளொன்றைச் சுவரில் நான்கு புறமும் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி கண்டால் பொறுத்திருங்கள். புதிய சிமெண்டுப் பூச்சுக்குக்கூட ஏறத்தாழ 28 நாள் வேண்டும்; வெள்ளத்தில் ஊறிய சுவருக்கு மாதங்களும் ஆகலாம். கூரைக் கசிவோ குழாய்க் கசிவோ இருப்பின், அதனை முதலில் அடைத்தாக வேண்டும்.

உலர்ந்தபின் வேலை தொடங்கலாம். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே செல்லும். பழைய வெள்ளையடிப்பின்மேல் உள்ளங்கையைத் தேயுங்கள். மாவுபோல் ஒட்டினால், உறுதியான பூச்சு தென்படும்வரை சுரண்டியாக வேண்டும். விரிசலைச் சற்றே அகலப்படுத்தித் தூசி நீக்கி அடைக்க வேண்டும். பின்னர் பட்டியை மெல்லியதாக இருமுறை இட்டு, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் பூசுவது முறை.

இனி, யாவற்றினும் முக்கியமான ஒன்று. பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் எண்ணெய் வண்ணம் பூசியிருப்பார்கள். நம் கூடத்திலும் அத்தகைய பச்சைப் பட்டை ஒன்று இருந்தது. பழைய எண்ணெய் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் முதல் தேதியன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூசி தரையில் படியும். தவழும் குழந்தை அதனைக் கைவழியே வாய்க்குக் கொண்டுசெல்லும். கருவுற்ற தாயின் குருதிவழியே கருவையும் அது சென்றடையும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். தீங்கற்ற அளவென்று ஒன்று கண்டறியப்படவில்லை.

மார்கழியில் அப்பட்டையைத் தேய்த்தபோது மருமகள் அடுத்த அறையில்தான் இருந்தாள். அடுத்த வீட்டுச் செவிலியர் அம்மையார் பின்னர் இதனை எடுத்துரைத்தபோது நாம் வாயடைத்து நின்றோம். நற்பேறாகத் தாயும் சேயும் நலமே. ஆனால் அது நம் முன்யோசனையால் வந்த நலமன்று.

கொப்பளித்த சுவரைக் கோடையில் மீண்டும் செப்பனிட்டோம். மருமகளும் குழந்தையும் சித்தூரில் தாய்வீட்டில் இருந்தனர். பழைய பூச்சை நீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டினர். வேலையாட்களுக்கு வெறுந்துணி போதாதென்று, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்தோம். துடைப்பம் தொடாமல் ஈரத்துணியால் தரையை மும்முறை துடைத்தபின்னரே சித்தூருக்குச் செய்தி அனுப்பினோம். பேரக்குழந்தை வீடு வர ஒரு மாதம் தாமதமாயிற்று. அத்தாமதத்தை நாம் குறையாக எண்ணவில்லை.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் கடைவீதிக்கு வேண்டிய மொழியை விரைவில் கற்கிறோம். கொத்தனாரும் வண்ணக்காரரும் சொல்லும் சொற்களையும் கேட்டறிதல் நன்று. தெலுங்கர் சுவரைக் 'கோட' என்பர். ஈரத்தைத் 'தடி' என்பர். உப்பு இரு மொழிக்கும் உப்பே. பண்டிகைக்கோ விசேடத்துக்கோ நாள் குறிக்குமுன், சுவரைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பொறுக்கச் சொன்னால் பொறுத்திருங்கள். வெள்ளக்கோடு தெரியும் சுவரின் முன்னும் வளைகாப்பு நடத்தலாம், யாரும் குறைசொல்லார்.