வயல் தண்ணீரும் காய்ச்சலும்
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியது)



"எஞ்சினீயருக்கு எலிக்காய்ச்சல்ல என்னய்யா வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊர் குத்தாலம். ஓர் ஐப்பசி அடைமழையில், சம்பா வயலுக்கு வடிகால் வெட்டிவிட்டு வந்தார் என் சித்தப்பா. பத்து நாள் கழித்து குளிர் காய்ச்சல். கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண்கள் சிவப்பு. "ஒண்ணுமில்லடா தம்பி, கசாயம் குடிச்சா போயிரும்" என்றார். லீவுக்கு வந்திருந்த நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாயிற்று, சிறுநீர் குறைந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வயல் தண்ணியில நின்னாரா?"

டயாலிசிஸ் செய்து பிழைத்தார். அந்த ஐந்து நாளுக்கு நானும் பொறுப்பு.

இந்த நோயை 1886-இல் ஜெர்மனியில் டாக்டர் வெய்ல் விவரித்தார். 1915-இல் ஜப்பானியர்கள் கிருமியைக் கண்டார்கள். பெயர் லெப்டோஸ்பைரா. எலியின் சிறுநீரில் வரும். ஆடு மாடும் பரப்பும். ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நம் காலில் உள்ள சேற்றுப்புண்தான் அதற்கு வாசல். உள்ளே போய் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்தே காய்ச்சல் வரும். அதற்குள் வயலை நாம் மறந்துவிடுகிறோம்!

மேல்நாடுகளில் காட்டு முயலை உரிக்கும் வேட்டைக்காரர்களுக்கு 'துலரீமியா' வருகிறது. 1911-இல் கலிபோர்னியாவில் துலாரே பகுதி அணில்களிடம் கண்டறிந்த நோய் அது. அங்கே முயல், இங்கே வரப்பெலி.

நடவு நடும் பெண்களிடம் பூட்ஸ் போடுங்கள் என்றால் சிரிப்பார்கள். ஆனால் கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவலாம். சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடலாம். கிட்டியில் விழுந்த எலியை வெறுங்கையால் தொடாமல் இருக்கலாம்.

மோட்டார் நின்றால், "அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?" என்றுதான் முதலில் கேட்போம். டாக்டருக்கும் அது தெரிய வேண்டும். தம்பி தங்கைகளே, மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முதல் நாளே அழைத்துப் போய், "வயல் தண்ணியில நின்னாங்க சார்" என்று நீங்களே சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்துக்கே கட்டுப்படும் நோய் இது.

நான் சொல்லத் தவறிய வாக்கியம் அது. நீங்கள் தவறவிடாதீர்கள்.