ஈயிடம் கேட்ட கேள்வி

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடி ஈக்கள் பறக்கும். பார்த்தால் கையை வீசி விரட்டுவோம். அந்த ஈக்களை ஆசையாக வளர்த்தவர் ஒபைத் சித்திகி.

இவர் 1932-இல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்தார். அலிகாரில் படித்தார். பிறகு ஸ்காட்லாந்தில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1962-இல் விஞ்ஞானி ஹோமி பாபா இவரைப் பம்பாய்க்கு அழைத்தார். அங்கே டாடா ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். உயிர்களின் மிக நுண்ணிய பொருள்களை ஆராயும் கல்வி அது. முதலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை ஆராய்ந்தார்.

வயது நாற்பதை எட்டியது. கைக்குப் பழகிய வேலையை விட்டார். நரம்புகளைப் பற்றிப் புதிதாகக் கற்கத் தொடங்கினார். அந்த வயதில் எத்தனை பேர் துணிவார்கள்?

அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சரும் இவரும் சில விநோத ஈக்களை ஆராய்ந்தார்கள். சூடு ஏறினால் அவை பொத்தென்று விழும். கால் அசையாது. செத்துவிட்டதோ என்று தோன்றும். சூடு தணிந்தால் எழுந்து நடக்கும்! காரணம் என்ன? நரம்பில் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. சூட்டில் இந்த ஈக்களின் நரம்பில் துடிப்பு தடைபட்டது. ஒரு மரபணு பழுதானாலே போதும், இப்படி ஆகும். மரபணு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்பு. இந்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது.

நம் நரம்பிலும் மின்துடிப்புதான் ஓடுகிறது. ஆனால் மனிதரைச் சூடேற்றி விழவைக்க முடியுமா? ஈயிடம்தான் கேட்க வேண்டும்.

பம்பாயில் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஈக்கு மணமும் சுவையும் எப்படித் தெரிகின்றன? மணம் சரியாகத் தெரியாத ஈக்களைத் தேடிப் பிடித்தார்கள்.

பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். முதுமையிலும் ஆய்வை விடவில்லை. 2013-இல், 81-ஆம் வயதில் காலமானார்.