புங்கமரம் வளைந்த கதை

சங்கரன்கோவில் என்றதும் கோமதியம்மன் சந்நிதியையும் ஆடித் தபசையும் வர்ணிக்கப் போகிறேன் என்று எண்ணியிருப்பீர்கள். அவை நீங்கள் நன்கு அறிந்தவை. ஆகையால் ஊருக்குக் கிழக்கே, திருவேங்கடம் போகும் சாலையில் உங்களை அழைத்துச் செல்ல உத்தேசம். மேற்கே மலையடிவாரம் வரை புலித்தேவர் முதலிய மறவர் பாளையங்கள். இந்தப் பக்கமோ மண் கறுக்கக் கறுக்க, குருவிகுளம் தொடங்கி எட்டயபுரம் வரை தெலுங்கு பேசும் நாயக்கர்களின் சீமை.

அச்சீமையில் என் பால்ய சிநேகிதன் வீட்டுத் திண்ணையில், கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் தந்து, அவன் பாட்டி ஒரு விருத்தாந்தம் சொல்வாள். வடக்கே ஓர் அரசன் தங்கள் குலப் பெண்ணைக் கேட்டானாம். கொடுக்க மனமின்றி இரவோடிரவாகக் கிளம்பிய கூட்டம் பெருகியோடும் ஆற்றங்கரையில் திகைத்து நிற்க, கரையிலிருந்த புங்கமரம் வளைந்து பாலமாயிற்றாம்.

இதைக் கேட்ட நான் பிற்காலத்தில் ரோமாபுரிச் சரித்திரம் படித்தபோது, 376-இல் ஹூணருக்கு அஞ்சி டான்யூப் நதிக்கரையில் வந்து நின்ற கோத்தியர்களைக் கண்டு திடுக்கிட்டேன். அங்கே எந்த மரமும் வளையவில்லை. வாலன்ஸ் சக்கரவர்த்தி அனுமதி கொடுத்தார், ஆனால் அவருடைய அதிகாரிகளோ, பசித்தவர்களுக்கு நாயிறைச்சியைக் கொடுத்துப் பிள்ளைகளை அடிமைகளாக வாங்கினார்கள். இரண்டே வருஷத்தில், அட்ரியானோபிள் போர்க்களத்தில், சக்கரவர்த்தியே மாண்டார். பின்வந்த தியோடோசியஸ் 382-இல்தான் எல்லைக்குள் நிலம் தந்து, யுத்தகாலத்தில் படை அனுப்பவேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்.

நம் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16-ஆம் நூற்றாண்டிலே, வந்தவர்களுக்கும் முன்பே இருந்தவர்களுக்குமாக 72 பாளையங்கள் வகுத்த சம்பிரதாயமும் ஏறக்குறைய இதுவே: வருவாயில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. ஆனால் அடிமை வியாபாரத்தில் தொடங்காததால்தானோ என்னவோ, இங்கே வந்தவர்கள் கம்பும் பருத்தியும் விதைத்துக் கரிசலோடு கரிசலாகிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடடா, திருவேங்கடம் போகவேண்டியவர்கள் இன்னும் திண்ணையை விட்டே இறங்கவில்லையே! "அது எந்த ஆறு, பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆத்துக்குப் பேரு கேக்கற நேரமாய்யா அது?" என்று சொல்லி, கிண்ணத்தில் இன்னும் ஓர் அகப்பை கூழ் ஊற்றினாள்.